பாட்டி வீடு ‘டர்ட்டி’யா? ஒழுங்கையும் நேர்த்தியையும் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள்



ஈப்போ புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. வகுப்பு முடிந்தால் ஆளுக்கொரு கை சுண்டல், அதுக்காகவே வர்ற தம்பிகளும் உண்டு. வரட்டும், வந்தால் போதும்.

ஒரு நாள், நினைவில் நிற்கும் ஓர் இடத்தைப் பற்றி 200 முதல் 250 சொல்லுக்குள் எழுதச் சொன்னேன். எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் மூன்றாம் பகுதிக்கு அதுதான் அளவு. பாதிப் பேர் லங்காவி, மீதிப் பேர் கேமரன் மலை. ஒரு தங்கச்சி மட்டும் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த தன் பாட்டியின் லயத்து வீட்டை எழுதியிருந்தாள். இலக்கணம் நல்லாவே இருந்தது. ஆனால் இரண்டாவது வரியிலேயே அந்த வீட்டை ‘எ டர்ட்டி ஓல்ட் ஹவுஸ்’ என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா, பாட்டி வீடு அழுக்கா இருக்குமா?”

“ஐயோ, இல்லண்ணே! பாட்டி ரெண்டு வேளையும் கூட்டுவாங்க. சிமெண்டுத் தரை வழவழன்னு இருக்கும். கீழ விழுந்த சோத்தை எடுத்துச் சாப்பிடலாம்.”

“அப்புறம் ஏன் டர்ட்டின்னு எழுதின?”

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “பழைய வீடுண்ணே. தகரம் துருப்பிடிச்சிருக்கும், பலகையில சாயம் போயிருக்கும். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளை பொய் சொல்ல நினைக்கவில்லை. பாட்டியைக் குறைத்துப் பேசவும் நினைக்கவில்லை. ‘பழசு’, ‘ஏழ்மை’, ‘சாயம் போனது’ எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் கையில் இருந்தது ஒரே சொல். அந்தச் சொல், ஆயுள் முழுக்கக் கூட்டிப் பெருக்கிய ஒரு மனுஷி மேல் பழியாக விழுந்துவிட்டது.

அந்த லயம் இன்றைக்கு இல்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டாச்சு. அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்கு இனி அவள் எழுதுவதுதான் சாட்சி. ஆகவே சரியான சொல் மதிப்பெண்ணுக்கு மட்டும் வேண்டிய விஷயமில்லை.

அவளுக்கு வேண்டியிருந்த சொல்லைப் பாடத்தின் நடுவில் தருகிறேன். அதற்கு முன், ஒழுங்கு, சுத்தம், நேர்த்தி இவற்றைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகளை ஒரு முறை அடுக்கிப் பார்த்துவிடுவோம்.

ஒரு சொல் போதாது

நம் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் ‘நீட் அண்ட் க்ளீன்’ என்று எழுதுகிறார்கள். வீடு நீட் அண்ட் க்ளீன், வகுப்பறை நீட் அண்ட் க்ளீன், ஆசிரியரும் நீட் அண்ட் க்ளீன்! மலாயில் ‘கெமாஸ்’ என்ற ஒரே சொல் கையெழுத்துக்கும் ஆகிறது, அறைக்கும் ஆகிறது, உடுப்புக்கும் ஆகிறது. அந்தப் பழக்கத்திலேயே ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறோம். ஆங்கிலம் அதையே பல துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐந்து கேள்வி கேட்டால் போதும். அழுக்கு இருக்கிறதா? பொருள் அதனதன் இடத்தில் இருக்கிறதா? செய்த வேலை எப்படி இருக்கிறது? முறை, வரிசை இருக்கிறதா? ஆள் எப்படிப்பட்டவர்? ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

நானும் தோட்டத்துப் பிள்ளை. அம்மா பால்மரம் வெட்டியவர். அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன்.

முதல் கேள்வி: அழுக்கு இருக்கிறதா?

இதற்குச் சொல் ‘க்ளீன்’. தூசி, கறை, அழுக்கு இல்லை என்பது மட்டுமே பொருள். பொருள்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா என்பதைப் பற்றி இந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. துவைத்து உலர்த்திய துணியெல்லாம் கட்டில் மேல் குவிந்து கிடந்தால், துணி க்ளீன்தான். அறையை டைடி என்று சொல்ல முடியாது.

க்ளீனுக்கு மேலே ‘ஸ்பாட்லெஸ்’. ஒரு பொட்டுக் கறை கூட இல்லாதது. அதற்கு இணையாக ‘இமாக்குலேட்’. லத்தீனில் ‘மாக்குலா’ என்றால் கறை. அது இல்லாதது இமாக்குலேட். ஆக இரண்டும் பிறப்பில் ஒரே பொருள்தான். ஆனால் தரை, கண்ணாடி, சமையல்கட்டு என்றால் ஸ்பாட்லெஸ் இயல்பாக வரும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை உடுப்பு, துளிக் குறையில்லாத தோற்றம் என்றால் இமாக்குலேட் பொருந்தும்.

ரப்பரில் இந்தச் சுத்தம் காசோடு சம்பந்தப்பட்டது. மங்கைத் துடைக்காமல் பாலை இறக்கினால் தூசியும் பட்டைத் துண்டும் கலந்துவிடும், பால் சீக்கிரம் உறைந்தும் போகும். புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள், ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை. ஷீட்டில் அழுக்கும் குமிழியும் பூஞ்சையும் தெரிந்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். அதனால்தான் அம்மா முந்தானை ஓரத்தில் எப்போதும் ஒரு துண்டுத் துணி செருகியிருப்பார், மங்கு துடைக்க.

இரண்டாம் கேள்வி: பொருள் அதனதன் இடத்தில் இருக்கிறதா?

இதற்குச் சொல் ‘டைடி’. அறை, மேசை, அலமாரி, பை இவற்றுக்குப் பொருந்தும். இந்தச் சொல்லுக்கு நல்ல ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘டைட்’ என்றால் காலம், வேளை. டைடி என்றால் முதலில் ‘வேளைக்கு நடப்பது’ என்று பொருள். பிறகுதான் ‘ஒழுங்காக இருப்பது’ என்ற பொருள் வந்தது. நம் வீட்டில் “காலாகாலத்துல எடுத்து வை” என்று திட்டுகிறார்களே, அந்தக் காலாகாலமும் இந்த டைடியும் ஒரே சொந்தம்தான்.

தோட்டத்தில் இருட்டு விலகுவதற்குள் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலையில்லை. அதனால் முதல் நாள் ராத்திரியே உளி, தலைவிளக்கு, வாளி, காண்டாக் கம்பு எல்லாம் வாசலோரம் அதனதன் இடத்தில் இருக்கும். விளக்கில்லாமல் கையை நீட்டினாலும் கிடைக்கும். டைடி என்றால் அதுதான்.

இதன் பக்கத்துச் சொல் ‘அன்க்ளட்டர்ட்’. வேண்டாத சாமான் அடைசல் இல்லாதது. வினையாகச் சொல்ல ‘டைடி அப்’. கோயில் கோத்தோங் ரோயோங்கில் நாம் செய்வது இரண்டு வேலை. தரையைக் கழுவுவது ‘க்ளீன்’. நாற்காலியை அடுக்குவது ‘டைடி அப்’.

மூன்றாம் கேள்வி: செய்த வேலை எப்படி இருக்கிறது?

‘நீட்’ என்ற சொல் அதிகம் பொருந்துவது கைவேலைக்கு. நீட் ஹேண்ட்ரைட்டிங், நீட் தையல், நீட் கோலம். அளவு பிசகாமல், பிசிறில்லாமல் செய்தது. பிரெஞ்சு வழியாக வந்த சொல், லத்தீனில் ‘நிதிதுஸ்’ என்றால் பளபளப்பானது.

மரம் வெட்டுவதில் இந்த நீட் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். பட்டையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கமாகச் சரிவாக இறங்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் அதிகமானால் உள்ளே இருக்கும் மென்மையான வளர்படலத்தைக் கீறிவிடும். அப்படிக் காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அப்புறம் அந்த இடத்தில் உளி ஓடாது. காயம் படாமல் சீவினால் சில ஆண்டுகளில் பட்டை புதுசாக வளர்ந்து மறுபடி வெட்டலாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம், ஒவ்வொன்றிலும் இந்தக் கணக்கு, அதுவும் நெற்றி விளக்கு வெளிச்சத்தில்.

நம் பேராக்குக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றைக்கும் அங்கே நிற்கிறது. ஆனால் மரம் வந்ததால் மட்டும் தொழில் வளரவில்லை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் பாழானது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் அதே வெட்டை மறுபடி மறுபடி சீவி எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். அந்த முறையை ஒவ்வொரு விடியலிலும் கையால் செய்து காட்டியவர்களில் நம் பாட்டனும் பாட்டியும் பெரும்பங்கு. மலாயா ரப்பர் அவர்கள் கை நீட்டில் ஓடியது. அடுத்த முறை ‘நீட்’ என்று எழுதும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கேள்வி: முறையும் வரிசையும் இருக்கிறதா?

இங்கே மூன்று சொல். ‘ஆர்டர்லி’, ‘ஆர்கனைஸ்ட்’, ‘சிஸ்டமேட்டிக்’.

ஆர்டர்லி என்பது வரிசை. லத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் வரிசை என்றுதான் பொருள். தமிழில் ‘ஒழுங்கு’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள்களில் ஒன்று வரிசை. ரப்பர்க் காட்டில் நெரை நெரையாக மரம் நிற்கும் அல்லவா? அதைப் பார்த்தவர்களுக்கு ஆர்டர்லி என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். தள்ளுமுள்ளு இல்லாத கூட்டத்தையும் ஆர்டர்லி என்று சொல்லலாம்.

ஆர்கனைஸ்ட் என்பது திட்டமிட்டு அமைத்தது. கண்ணுக்குத் தெரியும் அழகு இதற்குத் தேவையில்லை. 1960-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தன, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். சம்பந்தன் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. ‘வெல்-ஆர்கனைஸ்ட்’ என்று எழுத நல்ல உதாரணம் தேடுகிறீர்களா? இதை எழுதுங்கள்.

சிஸ்டமேட்டிக் என்பது ஒரு முறைப்படி, படிப்படியாக நடப்பது. ஆராய்ச்சி, தேடுதல், பயிற்சி இவற்றோடு சேரும். அலமாரியைச் சிஸ்டமேட்டிக் என்று சொல்வது வழக்கமில்லை. அலமாரியை அடுக்கிய முறையைச் சொல்லலாம்.

ஐந்தாம் கேள்வி: ஆள் எப்படிப்பட்டவர்?

தோற்றம் என்றால் ‘வெல்-க்ரூம்ட்’, அதாவது முடி, நகம், உடுப்பு எல்லாம் பார்த்துப் பராமரித்தவர். ‘ஸ்மார்ட்’ என்றால் நாம் புத்திசாலி என்று மட்டும் நினைக்கிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நன்றாக உடுத்தியவர் என்றும் பொருள். ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் உங்கள் மூளையைக் கேட்கவில்லை, உங்கள் சட்டையைக் கேட்கிறார்கள்.

குணம் என்றால் இரண்டு அருமையான சொல். ‘மெதாடிக்கல்’ என்றால் எதையும் ஒரு வரிசைப்படி, நிதானமாகச் செய்பவர். ‘மெட்டிக்குலஸ்’ என்றால் சின்னச் சின்ன விவரத்தையும் விடாமல் கவனிப்பவர். லத்தீனில் ‘மேதுஸ்’ என்றால் பயம். மெட்டிக்குலஸ் என்ற சொல் முதலில் பயந்தவரைக் குறித்தது. பிறகு, தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்பவரைக் குறித்தது. இன்றைக்குப் பாராட்டுச் சொல். மரத்தைக் காயப்படுத்திவிடுவோமோ என்று அம்மா உளியை வைக்கும்போது மூச்சைப் பிடிப்பார். அந்தப் பயம்தான் மெட்டிக்குலஸ்.

கவனம் எல்லை மீறித் தொந்தரவாகப் போனால் ‘ஃபஸ்ஸி’. “இந்தக் குவளையை ஏன் இங்க வெச்ச?” என்று நாள் முழுக்கக் கேட்கும் பெரியப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கலாம். அவர் காதில் விழாமல்.

எதிர்ச்சொற்களும் பாட்டி வீடும்

இப்போது எதிர்ப்பக்கம். இதே ஐந்து கேள்வியை வைத்துப் பாருங்கள்.

க்ளீனுக்கு எதிர் ‘டர்ட்டி’. டைடிக்கு எதிர் ‘அன்டைடி’, ‘மெஸ்ஸி’. சாமான் அடைசல் என்றால் ‘க்ளட்டர்ட்’. நீட்டுக்கு எதிராக ‘ஸ்லாப்பி’, அதாவது அக்கறையில்லாமல் செய்த வேலை. ஆர்கனைஸ்டுக்கு எதிர் ‘டிஸ்ஆர்கனைஸ்ட்’. சீவாத தலைக்கு ‘அன்கெம்ப்ட்’. இந்தச் சொல்லின் நேர்ப்பொருளே சீப்பு படாதது என்பதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘டிஸ்ஆர்டர்லி’ என்ற சொல்லை அறைக்கு எழுதாதீர்கள். இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் கலாட்டா செய்யும் கூட்டத்துக்கும் குடிபோதை ரகளைக்கும் வரும் சொல்.

கடைசியாக ‘ஷாபி’. நாள்பட்டுத் தேய்ந்தது, சாயம் போனது, துருப்பிடித்தது. ஷாபி என்று சொன்னால் பழசு என்று தெரியும், வசதிக் குறைவு என்றும் தெரியும். ஆனால் அழுக்கு என்று ஆகாது. ஒரு பொருள் ஷாபியாக இருந்துகொண்டே ஸ்பாட்லெஸ்ஸாகவும் இருக்கலாம். பத்து வருஷம் துவைத்த பள்ளிச் சட்டை மாதிரி.

தங்கச்சிக்கு வேண்டியிருந்த சொல் இதுதான். பலகையில் வைத்து எழுதிக் காட்டினேன். ‘ஷாபி பட் ஸ்பாட்லெஸ்’. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்படி ஒரு சொல் இருக்கா அண்ணே?” என்றாள்.

இருக்கிறது. ஏழ்மையையும் அழுக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் செய்வதை நாமும் நம் வீட்டுக்குச் செய்யக் கூடாது. நியமங்களைச் சொன்ன பதஞ்சலி, சௌசம் என்ற தூய்மையை முதலில் வைத்தார். அதைக் கடைப்பிடிக்கப் பெரிய வீடு வேண்டும் என்று சொல்லவில்லை.

யார் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள்

பெயரடைக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் நிற்கிறார். லயங்களைத் தூரத்திலிருந்து, துரை பங்களா மேட்டிலிருந்து பார்த்தால் நெட்டு வரிசையாக, எண் போட்டு, அளவெடுத்த மாதிரி இருக்கும். அவருக்கு அது ஆர்டர்லி. உள்ளே ஒரே அறையில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் முடங்கிப் படுத்தவர்களுக்கு அது வேறு. வரிசையாக இருப்பதெல்லாம் நியாயமாகவும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு குடியிருப்பை இடிக்கும்போதுகூட இடத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே ஒரு கட்டுரையில் இந்தச் சொற்களைப் படிக்கும்போது, யார் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் தாளுக்கும் இது உதவும்.

அடிக்கடி வரும் நான்கு தப்பு

ஒன்று. ‘வெரி ஸ்பாட்லெஸ்’, ‘வெரி இமாக்குலேட்’ என்று எழுதாதீர்கள். கறையே இல்லை என்ற பிறகு ரொம்பக் கறையில்லை என்று சொல்ல முடியுமா? அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சலூட்லி ஸ்பாட்லெஸ்’.

இரண்டு. ‘ஆர்டர்லி’ முடிவில் ‘லி’ இருப்பதால் வினையடை என்று நினைத்து ‘தே வாக்ட் ஆர்டர்லி’ என்று எழுதுகிறார்கள். ஆர்டர்லி இங்கே பெயரடை. ‘இன் அன் ஆர்டர்லி மேனர்’ என்று எழுத வேண்டும்.

மூன்று. நீட் வேறு, நீட்லி வேறு. கையெழுத்து நீட், எழுதியது நீட்லி. ‘ஷி ரைட்ஸ் நீட்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

நான்கு. ‘வெல்-கெப்ட்’, ‘வெல்-ரன்’, ‘வெல்-ஆர்கனைஸ்ட்’ போன்ற கூட்டுச் சொற்கள் பெயருக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறு கோடு போடுங்கள். ‘எ வெல்-கெப்ட் கார்டன்’. பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் கோடு வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் நான் பட்டது

இதை நான் வெட்கத்தோடு சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு. உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஐ எம் நீட் அண்ட் க்ளீன்’ என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். குளித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று தெரிகிறது என்றார் ஒருவர். வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் சுங்கை சிப்புட் வரைக்கும் நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் சொல்ல நினைத்தது வேறு. மாமாவின் மளிகைக் கடையில் மூன்று வருஷம் கடன் புத்தகம் எழுதினேன். சம்பள நாளில் லயமே வரிசையில் நிற்கும். ஒரு காசு கூடப் பிசகியதில்லை. அதை இங்கிலீஷில் சொல்ல இரண்டே சொல் போதும், ‘மெதாடிக்கல்’, ‘மெட்டிக்குலஸ்’. எனக்கு அந்த இரண்டும் அன்றைக்குத் தெரியாது. வேலை தெரிந்தது, வேலைக்குப் பெயர் தெரியவில்லை.

அதனால் இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைச் சொல்லுங்கள், அடுத்த வரியிலேயே சாட்சியைச் சொல்லுங்கள். ‘ஐ எம் மெதாடிக்கல்’ என்று மட்டும் சொன்னால் காற்றோடு போகும். இளைஞர் மன்றத்தில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன், ஒவ்வொரு ரசீதும் தேதிப்படி கோப்பில் இருக்கிறது என்று சேர்த்தால் நிற்கும். உங்களில் பல பேர் கோயில் அன்னதானம், பண்பாட்டு முகாம், தேவார வகுப்பு என்று எத்தனையோ வேலைகளை நடத்தியிருக்கிறீர்கள். சாட்சிக்குப் பஞ்சமில்லை.

பயிற்சி

கீழே உள்ள எட்டுக்கும் பொருத்தமான ஆங்கிலப் பெயரடையைத் தேர்ந்தெடுங்கள். அகராதியில் எழுத்துக் கூட்டலைப் பார்த்து உங்கள் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

1. தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக நகர்கிறது.
2. அண்ணனின் மோட்டார்ப் பட்டறை. கையெல்லாம் கறுப்பு எண்ணெய், ஆனால் ஒவ்வொரு ஸ்பேனரும் சுவரில் அதனதன் ஆணியில் தொங்குகிறது. பட்டறை எப்படி?
3. தாதியின் வெள்ளை உடுப்பு. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல், துளிக் கறை இல்லாமல் இருக்கிறது.
4. கோயில் வாசலில் மாலை கட்டும் அம்மா. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவு. மாலை எப்படி?
5. புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்பவர். தினமும் முதலில் தட்டு, பிறகு பொட்டலம், பிறகு கணக்கு. ஒரு நாளும் வரிசை மாறாது. ஆள் எப்படி?
6. அம்மாவின் கைப்பை. ஓரம் தேய்ந்துவிட்டது, சாயம் போய்விட்டது. துடைத்து வைத்திருக்கிறார்.
7. குழுவாகச் செய்த பள்ளித் திட்ட வேலை. பக்க எண் இல்லை, படம் கோணலாக ஒட்டியிருக்கிறது, யாரும் சரிபார்க்கவில்லை.
8. உங்கள் படிப்பு மேசை. புத்தகம், சார்ஜர், மூன்று குவளை, போன வருஷத்து நாள்காட்டி. பேனா வைக்க இடமில்லை.

விடைகள்: 1. ஆர்டர்லி 2. டைடி 3. இமாக்குலேட் 4. நீட் 5. மெதாடிக்கல் 6. ஷாபி 7. ஸ்லாப்பி 8. க்ளட்டர்ட்.

இரண்டாவதில் ‘க்ளீன்’ என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியையும் இரண்டாம் கேள்வியையும் திரும்பப் படியுங்கள். ஆறாவதில் ‘டர்ட்டி’ என்று எழுதியிருந்தால், அம்மாவிடம் காட்டாதீர்கள்.

வீட்டு வேலை

அடுத்த வாரம் தங்கச்சி கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். வீடு ஷாபி, தரை ஸ்பாட்லெஸ், வாசலில் உளியும் வாளியும் டைடி, பாட்டியின் வெட்டு நீட், பாட்டி மெட்டிக்குலஸ். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு மை போட்டேன், அதுவும் ஒரு காற்புள்ளிக்கு.

“பாட்டிக்குப் படிச்சுக் காட்டினியா?” என்று கேட்டேன்.

“காட்டினேண்ணே. தமிழ்ல சொன்னேன். பாட்டி சிரிச்சிட்டாங்க. ‘வீடுன்னா அப்படித்தானே வெச்சிருக்கணும், இதைப் போயி பரீட்சையில எழுதுவாங்களா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“எழுதுவாங்க பாட்டின்னு சொன்னேன்.”

உங்களுக்கும் அதுதான் வீட்டு வேலை. இந்த வாரம் வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். பால்மரம் வெட்டியவராக இருக்கலாம், ஈயச் சுரங்கத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்தவராக இருக்கலாம், இன்றைக்கும் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் அம்மாவாக இருக்கலாம். உங்கள் வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். காலையில் முதலில் என்ன, அடுத்து என்ன, எது தப்பினால் என்ன ஆகும் என்று விவரமாகக் கேளுங்கள். பிறகு இந்தப் பாடத்தில் உள்ள சொற்களில் ஐந்தையாவது வைத்து ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் இல்லை என்று தலையாட்டினால் சொல்லை மாற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். சுண்டல் உண்டு.